துடைக்கத் துடைக்கப் போகாத ஈயம்!

பேராசிரியர் கொடுத்த வேலை, கேட்பதற்கு ரொம்பச் சுலபமாகத்தான் இருந்தது. ஒரு கல்லை எடுக்க வேண்டும். அதற்குள் ஒளிந்திருக்கும் துளி ஈயத்தைப் பிரிக்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சிகாகோ பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கிளேர் பேட்டர்சன் என்ற அந்த மாணவருக்கு இருபத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். ஐயோவா மாநிலத்தின் மிட்செல்வில் என்ற சிற்றூரில் 1922-ல் பிறந்தவர். அப்பா தபால் துறை ஊழியர். சிறுவனாக இருந்தபோது அம்மா வாங்கித் தந்த வேதியியல் பெட்டிதான் அவர் வாழ்க்கையின் முதல் ஆய்வுக்கூடம். கல்லூரியில் அறிமுகமான லாரி, மனைவியானார். பேட்டர்சன் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில், லாரி வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார்.

பேராசிரியர் ஹாரிசன் பிரவுனின் திட்டம் பெரியது. முதலில் வயது தெரிந்த ஒரு கருங்கல்லில் இருக்கும் ஈயத்தை அளந்து பழக வேண்டும். பழகிய பிறகு விண்கல்லுக்குப் போக வேண்டும். அந்த விண்கல் கணக்கு சரியாக வந்துவிட்டால், பூமியின் வயது கிடைத்துவிடும்!

ஈயத்துக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையில் இருப்பதில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி குணம் ஒன்றாக இருக்கும். எடை மட்டும் கொஞ்சம் மாறும். இவற்றைத்தான் ஐசோடோப்புகள் என்கிறார்கள். ஈயத்துக்கு இப்படி நான்கு பிள்ளைகள்: 204, 206, 207, 208. இதில் 204 மட்டும் ஆதியிலிருந்தே இருப்பது. மற்ற மூன்றிலும் ஆதியில் இருந்தது கொஞ்சம். பிறகு சேர்ந்தது கொஞ்சம். யுரேனியமும் தோரியமும் மெல்ல மெல்லச் சிதைந்து, கடைசியில் ஈயமாக வந்து நிற்கின்றன. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம் 235-க்கு சுமார் 70 கோடி ஆண்டுகள் போதும்.

பால் தயிராகிற கதைதான் இது. தயிர் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பார்த்தே, எப்போது உறை குத்தியது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அதேபோல, கல்லில் மிச்சமிருக்கும் யுரேனியத்தையும் சேர்ந்திருக்கும் ஈயத்தையும் வைத்துக் கல்லின் வயதைச் சொல்லலாம்.

ஆனால், அந்தப் பாத்திரத்தில் ஏற்கெனவே பழைய தயிர் கொஞ்சம் கிடந்திருந்தால்? கணக்கு தப்பிவிடும் இல்லையா? பூமி பிறந்தபோதே அதில் எவ்வளவு ஈயம் எந்த விகிதத்தில் இருந்தது என்பது தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் விண்கல். பூமி உருவான அதே காலத்தில் உருவான இரும்பு விண்கற்களுக்குள் ட்ராய்லைட் என்ற கனிமம் உண்டு. அதில் யுரேனியம் அநேகமாகக் கிடையாது. எனவே புதிய ஈயம் சேர வழியில்லை. ஆதியில் இருந்த ஈயம் அப்படியே உறைந்து கிடக்கும்.

சரி, முதலில் கருங்கல். அதற்குள் தூசு அளவே இருக்கும் ஸிர்கான் படிகங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அதிலிருந்த யுரேனியத்தை அளக்கும் வேலை ஜார்ஜ் டில்டன் என்ற சக மாணவருக்கு. ஈயம் பேட்டர்சனுக்கு.

டில்டனின் கணக்கு சரியாக வந்துவிட்டது. பேட்டர்சனின் கணக்கு வரவில்லை.

இருக்க வேண்டிய அளவைவிட எத்தனையோ மடங்கு ஈயம் காட்டியது. திரும்பச் செய்தார். இன்னொரு மாதிரியான தப்பான எண் வந்தது. மறுபடி செய்தார். வேறொரு எண். அவர் தேடிய ஈயமோ மைக்ரோகிராம் கணக்கில் இருப்பது. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆய்வுக்கூடம் முழுக்க எங்கிருந்தோ ஈயம் வந்து அதில் விழுந்துகொண்டே இருந்தது.

குழாய்த் தண்ணீரில் ஈயம். கண்ணாடிக் குடுவையில் ஈயம். ஆசிட் புட்டியில் ஈயம். சுவர்ப் பூச்சில், மேசைத் தூசில், தலைமுடியில், தோலில் ஈயம். துடைத்தார். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தார்.

வேறு யாராவது இருந்தால், சராசரி போட்டு ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். பேட்டர்சன் போகவில்லை. பல ஆண்டுகளை அவர் சுத்தம் செய்வதிலேயே கழித்தார். தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார். ஆசிட்டைத் தானே சுத்திகரித்தார். 1952-ல் கலிபோர்னியாவின் கால்டெக் கல்விக்கூடத்துக்குப் போனதும், தனக்கென ஓர் அறையை வடிவமைத்தார். உள்ளே வரும் காற்று வடிகட்டப்பட்டது. ஈயம் இருக்கக்கூடிய குழாய்களும் பற்றவைப்புகளும் அகற்றப்பட்டன. தரையும் மேசையும் விடாமல் துடைக்கப்பட்டன. சிப் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் இன்று தூசு நுழையாத அறைகளைப் பார்க்கிறோமே, அதற்கெல்லாம் முன்னோடிகளில் ஒன்று அந்த அறை.

1953-ல் ட்ராய்லைட்டிலிருந்து எடுத்த ஈயத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, சிகாகோ அருகிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அணுக்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அங்கே இருந்தது. அரிசோனா பாலைவனத்தில் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்து பெரும் பள்ளத்தை உண்டாக்கிய கேன்யன் டயாப்லோ விண்கல்லின் ஈயம் அது. எண்கள் வந்தன. கணக்குப் போட்டார்.

சுமார் 450 கோடி ஆண்டுகள்!

அதுவரை அறிஞர்கள் 300 கோடியை ஒட்டித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மனித குலம் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு விடை, ஒரே ஒருவர் தலைக்குள் இருந்தது. அங்கிருந்து ஐயோவாவுக்கு, அம்மா வீட்டுக்குப் போனார். நெஞ்சு படபடத்தது. மாரடைப்பு வந்துவிட்டதோ என்று பயந்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்படி அம்மாவிடம் சொன்னாராம். மாரடைப்பெல்லாம் இல்லை. சந்தோஷம்தான்!

1956-ல் முழுக் கணக்கும் கட்டுரையாக வெளிவந்தது. 455 கோடி ஆண்டுகள். ஏழு கோடி முன்னே பின்னே இருக்கலாம். எழுபது ஆண்டுகள் ஆகப் போகின்றன. கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன. எண் பெரிதாக மாறவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால், பேட்டர்சன் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக நிம்மதியாக இருந்திருப்பார். பதவி, பாராட்டு, ஓய்வு எல்லாம் வரிசையாக வந்திருக்கும். ஆனால், அவர் மனதில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. இத்தனை ஆண்டுகள் துடைத்தேனே, அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது?

அடுத்து அவர் கடலுக்குப் போனார். கடலின் ஆழத்திலும் மேற்பரப்பிலும் தண்ணீர் எடுத்து, சக விஞ்ஞானியோடு சேர்ந்து ஈயத்தை அளந்தார். ஆழத்தில் குறைவாக இருந்தது. மேலே பல மடங்கு அதிகம். கடல் தண்ணீர் மேலிருந்து கீழே கலக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அப்படியென்றால் மேலே இருக்கும் ஈயம் சமீபத்தில்தான் வந்து விழுந்திருக்க வேண்டும். எங்கிருந்து? காற்றிலிருந்து. காற்றுக்கு?

பெட்ரோலிலிருந்து.

கார் இன்ஜின் 'டொக் டொக்' என்று தட்டாமல் ஓட, பெட்ரோலில் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயக் கலவையைச் சேர்க்கலாம் என்று 1921-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். 1923-ல் விற்பனைக்கு வந்தது. விற்ற பெயர் 'எத்தில்'. அதில் ஈயம் என்ற சொல்லே இல்லை. 1924-ல் நியூஜெர்சியில் இந்தக் கலவையைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். கொஞ்ச நாள் பரபரப்பு. பிறகு விற்பனை தொடர்ந்தது. உலகம் முழுக்கப் பரவியது.

ஈயம் உடம்புக்குக் கெடுதல் என்பது அப்போதும் தெரியும். ஆனால், அந்தத் துறையின் மருத்துவ ஆலோசகராக இருந்த ராபர்ட் கீஹோ ஒரு வாதம் வைத்திருந்தார். எல்லா மனிதர் உடம்பிலும் ஈயம் இருக்கிறது, எனவே அது இயற்கை. ஓர் அளவுக்குள் இருக்கும்வரை ஆபத்தில்லை என்பதே அந்த வாதம். நாற்பது ஆண்டுகளாக அதுதான் வேதவாக்கு.

அந்த வாதத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லும் தகுதி, ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஈயத்தை விரட்டப் போராடியவருக்குத்தான் இருந்தது. எல்லோர் உடம்பிலும் இருக்கிறது என்பதாலேயே ஒன்று இயற்கையாகிவிடுமா? எல்லோரும் அழுக்காக இருந்தால் அழுக்குதான் நிறம் என்று ஆகிவிடுமா? 1965-ல் வெளியான கட்டுரையில் பேட்டர்சன் இதைத்தான் கேட்டார். சராசரி அமெரிக்கர் உடம்பில் இயற்கையாக இருக்க வேண்டிய அளவைப் போல் சுமார் 100 மடங்கு ஈயம் இருக்கிறது என்று கணக்கு காட்டினார்.

பூமியின் வயதைச் சொன்னபோது கை தட்டியவர்கள், இப்போது முகம் சுளித்தார்கள். கல்லைப் பற்றிப் பேசுகிறவருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். அவருடைய கடல் ஆய்வுக்குப் பணம் கொடுத்துவந்ததில் பெட்ரோலியத் துறையின் அமைப்பும் ஒன்று. அந்தப் பணம் நின்றது. அரசுப் பொதுச் சுகாதாரத் துறையின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. 1966-ல் அமெரிக்க செனட் குழு விசாரணையில் கீஹோவும் பேசினார், பேட்டர்சனும் பேசினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, காற்றிலுள்ள ஈயத்தைப் பற்றி ஆராய தேசிய அளவில் ஒரு நிபுணர் குழு அமைத்தார்கள். காற்றிலுள்ள ஈயத்தைப் பற்றி அமெரிக்காவில் யாரைவிடவும் அதிகம் தெரிந்தவரின் பெயர், அந்தப் பட்டியலில் இல்லை.

குடும்பம் இருந்தது. பிள்ளைகள் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு விண்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். பேட்டர்சன் பனிக்கட்டியைத் தேடிப் போனார்.

கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காக உறைந்து கிடக்கிறது. எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று எண்ணிச் சொல்லலாம். பொய் சொல்லத் தெரியாத நாட்குறிப்பு அது. வெளி ஈயம் படாமல் அந்தப் பனியை வெட்டி எடுத்து, உருக்கி, அளந்தார்கள். 1969-ல் முடிவு வெளியானது. கி.மு. 800-ல் விழுந்த பனியோடு ஒப்பிட்டால், இப்போதைய பனியில் ஈயம் 200 மடங்குக்கு மேல். அதிலும் 1940-க்குப் பிறகு செங்குத்தான ஏற்றம். கார்கள் பெருகிய காலம் அது!

எந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஐசோடோப்பு காட்டிக் கொடுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்து ஈயத்தில் 206-க்கும் 207-க்கும் உள்ள விகிதம் வேறு. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதிச் சுரங்கத்து ஈயத்தில் வேறு. கைரேகை மாதிரி. உருக்கினாலும், பெட்ரோலில் கலந்தாலும், புகையாகப் போய் ஒரு குழந்தையின் ரத்தத்தில் சேர்ந்தாலும் அந்த ரேகை அழியாது.

குழந்தை என்று சொன்னது சும்மா இல்லை. ஈயத்தால் அதிகம் அடிபடுவது வளரும் மூளைதான். 1979-ல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர், பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து அதிலுள்ள ஈயத்தை அளந்தார். ஈயம் அதிகம் இருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையிலும் கவனத்திலும் பின்தங்கியிருந்தார்கள். வெளியில் எந்த நோயும் தெரியாத, சாதாரணப் பிள்ளைகள்.

பேட்டர்சன் பெட்ரோலோடு நிற்கவில்லை. ஈயத்தால் பற்றவைத்த டப்பாக்களில் வந்த சூரை மீனைப் பரிசோதித்தார். கடலில் பிடித்த மீனைவிட டப்பா மீனில் ஈயம் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அரசு ஆய்வுக்கூடமோ சாதாரண மீனிலேயே நிறைய ஈயம் இருப்பதாகக் கணக்கு வைத்திருந்தது. காரணம் எளிது. அவர்களுடைய ஆய்வுக்கூடமே அழுக்காக இருந்தது! பெரு நாட்டில் கிடைத்த 1,600 ஆண்டுப் பழைய எலும்புகளையும் அவர் குழு அளந்தது. இன்றைய மனித எலும்பில் அதைவிடப் பல நூறு மடங்கு ஈயம்.

மெல்ல மெல்லக் காற்று திசை மாறியது. 1975-ல் ஈயமில்லாத பெட்ரோல் தேவைப்படும் புதிய கார்கள் அமெரிக்கச் சாலைகளுக்கு வந்தன. 1980-களில் ஈயத்தின் அளவு மளமளவென்று குறைக்கப்பட்டது. 1970-களின் இறுதியில் அமெரிக்கர் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு சராசரியாக 12.8 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது 2.8 ஆகிவிட்டது. எந்த மாத்திரையும் இல்லாமல், எந்த ஊசியும் இல்லாமல், ஒரு நாட்டின் ரத்தம் சுத்தமானது.

பேட்டர்சன் 1995 டிசம்பர் 5 அன்று, 73 வயதில் காலமானார். அமெரிக்கச் சாலைகளில் ஈய பெட்ரோலுக்கு முழுத் தடை 1996 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. இடையில் நான்கு வாரம்கூட இல்லை.

இந்தியாவில் அதே 1995-ல்தான் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் அறிமுகமானது. 'அன்லெடட்' என்ற சொல் அப்போதுதான் பெட்ரோல் பங்க் பலகைகளில் ஏறியது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈய பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா அதைக் கைவிட்டது 2021-ல்.

பேட்டர்சன் கையாண்ட இந்தப் படிப்புக்கு ஐசோடோப்பு புவி வேதியியல் என்று பெயர். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். செய்வதெல்லாம் அணுக்களின் எடையைப் பார்த்து, நடந்த கதையைச் சொல்வதுதான். பனிக்கட்டியிலுள்ள ஆக்ஸிஜனை வைத்துப் பழங்காலத்து வெப்பநிலையைச் சொல்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் போன மழைக்கு இறங்கியதா, ஆயிரம் ஆண்டுக்கு முன் இறங்கியதா என்று சொல்கிறார்கள்.

நீலகிரியிலும் ஒரு கதை உண்டு. அந்த மலைகளின் புல்வெளி இயற்கையானதா, மனிதர்கள் காட்டை அழித்ததால் வந்ததா என்று நெடுநாள் விவாதம். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து எடுக்கும் கார்பனின் ஐசோடோப்பு விகிதம் வேறு வேறு. சதுப்பு நிலத்தில் அடுக்கடுக்காகப் படிந்த மக்கிய தாவரங்களில் இந்திய விஞ்ஞானிகள் அதை அளந்தார்கள். 1993-ல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் செழித்திருந்தது. வெறும் பொட்டல் என்று நினைத்து யூகலிப்டஸும் சீகையும் நட்ட இடங்கள், மனிதர் கைவைக்கும் முன்பே புல்வெளியாக இருந்தவை!

வீட்டுக்குள் வந்தால், 'ஈயம்' என்ற சொல்லே இரண்டு பொருளைச் சொல்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அதனால் கெடுதல் இல்லை. பேட்டர்சன் துரத்தியது காரீயத்தை. ஆனால் விலை மலிவு என்பதற்காக வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்துவிட்டால், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புளிக்கரைசல் பட்டால் அது கரைந்து ரசத்துக்குள் இறங்கும். எனவே ஈயச்சொம்பை நம்பிக்கையான கடையில் வாங்குவதும், சந்தேகம் இருந்தால் பரிசோதித்துப் பார்ப்பதும் நல்லது. பழைய வீட்டின் உரிந்த பெயின்ட்டைக் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான். பழைய பேட்டரிகளை வீட்டுப் பக்கத்தில் உடைப்பதும் உருக்குவதும் கூடவே கூடாது.

இன்று பெட்ரோல் பங்கில் அப்பாவின் ஸ்கூட்டர் முன்னால் நின்றபடி காத்திருக்கும் ஒரு குழந்தை மூச்சை இழுக்கிறது. புகை இருக்கிறது, தூசு இருக்கிறது. பெட்ரோலில் இருந்து வந்த ஈயம் மட்டும் இல்லை. தன் கணக்கு ஏன் தப்பாக வருகிறது என்று தெரியும்வரை துணியைக் கீழே வைக்காத ஒரு மனிதரின் பெயர், அந்தக் குழந்தைக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.